வீட்டுக் கோழிக்குக் கால்சியம்: எது, எவ்வளவு, எந்த நேரத்தில்

கேள்வி இதுதான்: மொட்டை மாடியில் பிவி 380 என்ற முட்டைக்கோழி ஆறு, கூடவே சிறுவிடை நாட்டுக்கோழி நாலு. எல்லாவற்றுக்கும் ரேஷன் அரிசி, கம்பு, தவிடு, மீந்த சோறுதான் தீனி. கொஞ்ச நாளாக பிவி கோழிகள் ஓடில்லாத தோல் முட்டை இடுகின்றன. ஓடு இருந்தாலும் எடுக்கும்போதே நொறுங்குகிறது. சிறுவிடை முட்டைகள் மட்டும் கெட்டியாகவே இருக்கின்றன. மருந்துக்கடையில் கால்சியம் டானிக் வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுத்தும் பலனில்லை. டானிக் அளவைக் கூட்டலாமா, இல்லை வேறு ஏதாவது கொடுக்க வேண்டுமா?

டானிக்கைக் கூட்ட வேண்டாம். இரண்டு வகைக் கோழியும் ஒரே தீனியைத்தான் தின்கின்றன, ஆனால் ஒன்றுக்கு மட்டும்தான் ஓடு மெலிகிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முட்டை ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட்தான். 55-60 கிராம் முட்டையில் ஓடு மட்டும் ஐந்தரை கிராம் இருக்கும், அதில் கால்சியம் 2 கிராமுக்குச் சற்று மேல். பிவி 380 போன்ற முட்டைக்கோழி நல்ல தீவனம் கிடைத்தால் வருடத்துக்கு 300 முட்டையை ஒட்டி இடும். அப்படியானால் வருடத்துக்கு 600 கிராமுக்கு மேல் கால்சியம் அதன் உடம்பிலிருந்து வெளியே போகிறது. சிறுவிடை 12, 15 முட்டை இட்டுவிட்டு அடைக்குப் படுத்துவிடும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம். வருடத்துக்கு 60 முட்டை, அதுவும் சின்ன முட்டை என்று வைத்தால் 90 கிராம் கால்சியத்தில் அதன் கணக்கு முடிந்துவிடும். நடுவில் கிடைக்கும் அந்த ஓய்வில் எலும்பும் தேறிக்கொள்ளும்.

பாட்டி காலத்துக் கோழிக்கு யார் கால்சியம் கொடுத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அந்தக் கோழிக்கு அவ்வளவு தேவைப்படவே இல்லை. தவிர அது நாள் முழுக்க மேய்ந்தது. நத்தையை ஓட்டோடு தின்றது, குப்பைமேட்டில் எலும்புத் துணுக்கைப் பொறுக்கியது, பழைய சுண்ணாம்புச் சுவரைக் கொத்தியது. பழைய வீடு இருக்கும் ஊர்களில் சுவரின் அடிப்பக்கம் கோழி உயரத்துக்குக் காரை பெயர்ந்திருப்பதை இப்போதும் பார்க்கலாம். மாடியில் சிமென்ட் தரையில் நிற்கும் கோழிக்கு இதில் எதுவுமே கிடையாது. முட்டையிடவே தேர்ந்தெடுத்து உருவாக்கிய கோழியை வாங்கி வந்து, நாட்டுக்கோழிக்குப் போடும் தீனியைப் போடுகிறோம். வீட்டு வளர்ப்பில் வரும் தோல் முட்டைப் பிரச்சினையில் பெரும்பாலானது இதுதான் என்பது என் கருத்து. நோய், பரம்பரை எல்லாம் அப்புறம்தான்.

இப்போது உங்கள் தீனியைக் கணக்குப் பார்ப்போம். தின்கிற கால்சியம் அத்தனையும் கோழியின் உடம்பில் சேராது. பாதி, மிஞ்சினால் அதற்குச் சற்று மேல் சேரும். அதனால் தினமும் முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் அளவில் கால்சியம் உள்ளே போக வேண்டும். 100 கிராம் கம்பில் இருப்பது 0.04 கிராம் போல. அரிசியிலும் மக்காச்சோளத்திலும் அதைவிடக் குறைவு. தானியங்களிலேயே கால்சியத்துக்குப் பேர்போன கேழ்வரகை மட்டுமே போட்டால்கூட 100 கிராமுக்கு 0.35 கிராம்தான். முருங்கைக்கீரை நல்லதுதான், போடுங்கள். ஆனால் பச்சைக்கீரை 100 கிராமில் இருப்பது 0.3 முதல் 0.45 கிராம் வரை. ஒரு கோழி ஒரு நாளில் தின்பதோ ஒரு கைப்பிடி கீரைகூட இருக்காது. தவிட்டில் வேறு ஒரு சிக்கல். அதில் பாஸ்பரஸ் அதிகம், அதில் பெரும்பங்கு பைட்டேட் என்ற வடிவத்தில் இருக்கிறது. அது இருக்கிற கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

டானிக்குக்கும் இதே கணக்குதான். பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். உதாரணத்துக்கு 100 மில்லியில் 3 கிராம் கால்சியம் என்று போட்டிருந்தால், ஒரு கோழிக்கு 5 மில்லி போய்ச் சேர்ந்தாலும் கிடைப்பது 0.15 கிராம். 4 கிராம் வேண்டுமென்றால் ஒரே கோழிக்கு ஒரு நாளைக்கு 130 மில்லி ஊற்ற வேண்டியிருக்கும். திரவக் கால்சியம் வேகமாக ரத்தத்தில் சேரும் என்பது உண்மைதான். அவசரத்துக்கு அது உதவும். தினசரித் தேவைக்கு அதை நம்பினால் காசுதான் போகும்.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிநீர் வைக்கும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான் கரையும். கரையும் மட்டும் கரைந்த ஒரு லிட்டர் தெளிநீரில் கால்சியம் 1 கிராமைத் தொடாது. கோழி குடிக்கும் 200 மில்லியில் 0.2 கிராம்கூடத் தேறாது. மேலே சொன்ன டானிக் கணக்கும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றே. தவிர அந்தத் தண்ணீர் கடுமையான காரத்தன்மை கொண்டது. கோழி குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும், முட்டையும் குறையும். சுட்ட சுண்ணாம்பைத் தீனியில் கலப்பதோ வாயையும் குடலையும் வேகவைக்கும் வேலை, அதை நினைக்கவே வேண்டாம்.

சரி, எதைத்தான் கொடுப்பது? கிளிஞ்சல். கோழித் தீவனக் கடைகளில் ஷெல் கிரிட் என்று கேட்டால் தருவார்கள். கிடைக்காவிட்டால் சுண்ணாம்புக்கல் குருணை. இரண்டிலும் கால்சியம் 36-38 சதவீதம், தரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. சுண்ணாம்புக்கல்லில் ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: டோலமைட் வகையாக இருக்கக்கூடாது. அதில் மக்னீசியம் அதிகம், எச்சம் தண்ணீராகப் போகும், ஓடும் தேறாது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க விற்கும் கட்டிகள் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தவை. அவை வேறு, தீனிக்கு ஆகாது. நமக்கு வேண்டியது சுடாத, உடைத்த கிளிஞ்சல். கடற்கரை ஊர்க்காரர்கள் தாங்களே பொறுக்கி வந்து, நல்ல தண்ணீரில் உப்புப் போக நன்றாக அலசி, காயவைத்து, உரலில் இடித்துக்கொள்ளலாம். நாட்டு மருந்துக்கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓடும் இதே சரக்குதான். கூண்டுக் கிளிக்கு ஒரு துண்டு செருகிவைக்கச் சரி, பத்துக் கோழிக்குக் கட்டுப்படியாகாது.

இடிப்பதில் ஒரு கவனம் வேண்டும். மாவாக்காதீர்கள். உடைத்த கடலைப்பருப்பு அளவில், 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை துண்டுகளாக இருக்கட்டும். ஓடு எப்போது உருவாகிறது என்று தெரிந்தால் இதன் அருமை புரியும். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது, அதில் 20 மணி நேரம் போல ஓட்டுக்கே போய்விடும். ஓட்டின் பெரும்பகுதி படிவது இரவில். அந்த நேரத்தில் கோழி பரணில் தூங்குகிறது, எதையும் தின்பதில்லை. மாலையில் தின்ற மாவுச் சுண்ணாம்பு சீக்கிரமே குடலைத் தாண்டிவிடும். துண்டாகத் தின்றால் அது அரைவைப்பையில் தங்கிவிடும். கறிக்குக் கோழி அறுக்கும்போது உள்ளே மணலும் கல்லுமாக இருக்கும் அந்தக் கெட்டித் தசைப்பைதான் அது. அங்கே கிடந்து இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்தது நேராக ஓட்டுக்குப் போகும்.

அப்படி எதுவும் உள்ளே இல்லாத இரவில் கோழி தன் எலும்பைக் கரைக்கிறது. முட்டைப் பருவம் வருவதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே பெட்டைக்கோழியின் நீள எலும்புகளுக்குள் தனியாக ஒரு எலும்பு வளரும். குதிரில் நெல் சேர்ப்பதுபோல ஓட்டுக்கென்றே சேர்த்துவைக்கும் கால்சியம் அது. தீனியில் பற்றாக்குறை தொடர்ந்தால் அந்தச் சேமிப்பு தீர்ந்து, அடுத்து உடம்பைத் தாங்கும் எலும்பிலேயே கை வைக்கும். கோழியின் மொத்த எலும்புக்கூட்டிலும் இருக்கும் கால்சியம் ஏறக்குறைய 20 கிராம். ஒவ்வொரு முட்டைக்கும் 2 கிராம் போகிறது. தோல் முட்டை என்பது அந்தச் சேமிப்பு கரைந்த பிறகு வெளியே தெரியும் அடையாளம். அதைக் கவனிக்காமல் விட்டால் கோழி நடக்கத் தடுமாறும், நெஞ்செலும்பு வளையும், பிடித்துத் தூக்கும்போதே கால் முறிந்த கோழிகளும் உண்டு.

கொடுக்கும் முறை சுலபம். ஒரு கனமான மண்சட்டியில் கிளிஞ்சலைப் போட்டு, மழை படாத இடத்தில், தீனியோடு கலக்காமல் தனியாக வையுங்கள். எப்போதும் இருக்கட்டும். முட்டையிடும் கோழிக்குக் கால்சியத்துக்கென்றே ஒரு பசி உண்டு. ஓடு படியத் தொடங்கும் சாயங்கால நேரத்தில் அது அதிகமாகும். நாலு மணிக்கு மேல் சட்டிப்பக்கம் நின்று பாருங்கள். காலையில் திரும்பிக்கூடப் பார்க்காத கோழி வந்து, ஒன்றை எடுத்துப் போட்டு, இன்னொன்றை எடுத்து, தனக்கு வேண்டிய அளவுத் துண்டாகப் பொறுக்கும். முட்டையை நிறுத்திய கோழியும் அடைக்கோழியும் சேவலும் சட்டியை அதிகம் தொடாது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று நாம் அளந்து கொடுப்பதைவிட அதனிடமே விடுவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

இருந்தாலும் சட்டியை எப்போது நிரப்புவது என்று தெரிய ஒரு அளவு வேண்டுமே. கம்பும் அரிசியும் மட்டும் தின்னும் பிவி கோழிக்கு நாளைக்கு 8 முதல் 10 கிராம் கிளிஞ்சல் தேவைப்படும், அதாவது குவித்த ஒரு டீஸ்பூன், ஒன்றரை டீஸ்பூன். ஆறு கோழிக்கு மாதம் ஒன்றரையிலிருந்து ஒன்றேமுக்கால் கிலோ. சிறுவிடைகள் முட்டையிடும் வாரங்களில் பாதியளவு எடுக்கும், மற்ற நாளில் வெறுமனே கிளறிவிட்டுப் போகும்.

ஆனால் கிளிஞ்சலை வைத்துவிட்டு அரிசியும் கம்புமே தொடர்ந்தால் ஓடு தேறும், முட்டை எண்ணிக்கை தேறாது. பிவி கோழிக்கு வெறும் தானியத்தில் புரதமும் போதாது. அதற்கு, முட்டைக்கோழிக்கென்றே விற்கும் லேயர் தீவனம் போட்டுவிடுவதே நேர்வழி. அதில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் சேர்த்தே வரும், 110 கிராம் தின்றால் நாள் தேவை முடிந்தது. சட்டிக் கிளிஞ்சல் அப்போது உபரிதான், இருந்துவிட்டுப் போகட்டும். மூட்டை விலைக்குப் பயந்து பாதித் தீவனம், பாதிச் சோறு என்று கலப்பவர்கள் கால்சியமும் பாதியாகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். மீந்த சோறு போடுவதென்றால் சாயங்காலம் கொஞ்சமாக, தீவனம் தின்ற பிறகு. வீட்டிலேயே தீவனம் அரைத்துக் கலப்பவர்கள் 10 கிலோவுக்குக் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லுமாகச் சேர்த்து ஒரு கிலோவை ஒட்டிப் போடலாம். அதில் மூன்றில் இரண்டு பங்கு குருணையாகவும் மீதி தூளாகவும் இருக்கட்டும். டி.சி.பி. என்று கடையில் சொல்லும் டைகால்சியம் பாஸ்பேட், பாஸ்பரஸுக்காகச் சேர்ப்பது. கிளிஞ்சலுக்குப் பதில் அது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதில் கால்சியம் 23 சதவீதம்தான். கருவாட்டுத் தூள் நல்ல சரக்குதான், ஆனால் உப்புக் கருவாடாக இருந்தால் கோழிக்கு உப்பு விஷமாகிவிடும்.

முட்டை ஓட்டையே திருப்பிப் போடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். போடலாம், தரமான கால்சியம்தான் அது. ஆனால் கோழி இட்ட முட்டையின் ஓட்டை மட்டும் அதற்கே திருப்பிக் கொடுத்தால் கணக்கு இடிக்கும். 2 கிராம் கால்சியம் போட்டால் உடம்பில் ஒட்டுவது ஒரு கிராம் சொச்சம், அடுத்த முட்டைக்குக் கேட்பது மறுபடி 2 கிராம். கடை முட்டையின் ஓடும் பக்கத்து டிபன் கடை ஓடும் சேர்ந்தால் கட்டுப்படியாகும். எப்படியானாலும் ஓட்டைக் கழுவி, வாணலியில் ஈரம் போக வறுத்து, நொறுக்கிப் போடுங்கள், நோய்க்கிருமி போகும். பாதி முட்டை வடிவிலேயே வீசினால் கோழி இதையும் அதையும் சேர்த்துப் பார்த்து, கூட்டில் இருக்கும் முட்டையை உடைத்துக் குடிக்கப் பழகிவிடலாம். தோல் முட்டையும் கூட்டில் கிடக்கக்கூடாது, ஒன்று உடைந்து ருசி கண்டுவிட்டால் அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

மாடியில் வளர்ப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளிஞ்சல் கரைந்துவிடும், அது தீனி அரைக்க உதவாது. முழுத் தானியம் தின்கிற கோழிக்கு அரைக்கக் கரையாத கல் வேண்டும். மண்ணில் மேயும் கோழி அதைத் தானே தேடிக்கொள்ளும். உங்கள் கோழிகளுக்கு இன்னொரு சட்டியில் சலித்த ஆற்றுமணல் பருக்கையோ கருங்கல் சிப்ஸ் பொடியோ வையுங்கள். ஒரு விஷயத்தில் மாடிக்கோழிக்கு அதிர்ஷ்டம்: வெயில். கால்சியம் குடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும். கோழியின் இறகில்லாத கால் தோலில் வெயில் பட்டு அது உருவாகிறது. தகரக் கொட்டகைக்குள்ளேயே நாள் முழுக்க அடைத்து வைத்திருந்தால் மட்டும் தினம் கொஞ்ச நேரமாவது திறந்துவிடுங்கள். வீட்டில் நமக்கு வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் டி3 பொடியைப் பிரித்துக் கோழிக்குப் போடும் யோசனை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம். கூடினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும்.

குஞ்சு பொரித்திருக்கிறதா? அப்படியானால் கவனம். வளரும் குஞ்சுக்குத் தீனியில் ஒரு சதவீதம் கால்சியமே போதும். லேயர் தீவனத்தில் இருப்பது அதைப்போல மூன்றரை நான்கு மடங்கு. தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் உப்பு படிந்து செத்துப்போகும். கோழி முதல் முட்டைக்குத் தயாராகும்வரை, ஏறக்குறைய 16, 18 வாரம், லேயர் தீவனம் கூடாது. எல்லா வயதுக் கோழியும் ஒரே இடத்தில் திரிகிறது, பிரிக்க முடியாது என்றால், எல்லாருக்கும் வளர்கோழித் தீவனம் போட்டு, கிளிஞ்சல் சட்டியைக் குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் செங்கல்மேல் வைத்துவிடலாம். பெரிய கோழிக்கும் கால்சியத்தைத் தீனியில் வலிந்து கலந்து அளவு தாண்டினால் ஓட்டின்மேல் சுண்ணாம்புப் பருக்கள் வரும், தீனி எடுப்பதும் குறையும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடு மெலியும் சந்தர்ப்பங்கள் உண்டு. சித்திரை வைகாசி வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ஓட்டில் இருக்கும் கார்பனேட் அந்த வாயுவிலிருந்துதான் வரவேண்டும். அதனால் கிளிஞ்சல் இருந்தும் ஓடு மெலியும். நிழல், பச்சை வலை, மண்பானைத் தண்ணீர், விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் தீனி என்று மாற்றுங்கள். புதிதாக முட்டையிடத் தொடங்கிய கோழி முதல் சில முட்டைகளைத் தோலாக இடுவது சகஜம். இரண்டு வயது தாண்டிய கோழியின் முட்டை அளவில் பெரிதாகும், ஓட்டுச் சரக்கு அதே அளவுதான், அதனால் மெலியும். ராத்திரி நாயோ பூனையோ கூண்டைச் சுற்றினாலும் பயத்தில் முட்டை பாதியிலேயே விழுந்துவிடும்.

ஒரே வாரத்தில் எல்லாக் கோழியும் சேர்ந்தாற்போல் தோல் முட்டையோ நெளிந்த ஓடோ இட்டு, பழுப்பு ஓடு வெளுத்து, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் அது தீனிக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. ஐ.பி. என்ற மூச்சுக்குழல் நோய், வெள்ளைக்கழிச்சல், முட்டை வீழ்ச்சி நோய் எல்லாமே ஓட்டில் கை வைப்பவை. அதற்குக் கிளிஞ்சலால் ஆகப்போவது ஒன்றுமில்லை. முட்டையையும் ஒரு கோழியையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

கோழி இறகை உப்பிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். கால்சியம் குறைந்தால் முட்டையை வெளியே தள்ளும் தசைக்கும் வலு இருக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் அடிப்பாகத்தைக் கால் மணி நேரம் அமிழ்த்தி, துடைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். நீங்கள் வாங்கிவைத்த டானிக் இந்த நேரத்துக்கு உதவும். அலகோரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், மூச்சுக்குழலில் போய்விடக்கூடாது. அடிவயிற்றை அழுத்தி முட்டையைப் பிதுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் கோழி பிழைப்பது கஷ்டம். சில மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் கால்சியம் ஊசி போட மருத்துவர்தான் வேண்டும்.

உங்கள் ஆறு கோழிகளுக்கு இன்றைக்குச் சாயங்காலமே கிளிஞ்சல் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் ஓட்டில் வித்தியாசம் தெரியும். கால்சியத்துக்கு ஏங்கிப்போன கோழி முதல் இரண்டு மூன்று நாள் சட்டியை அடித்துப் பிடித்துத் தின்னும், பயப்படாதீர்கள், தானே குறைந்துவிடும். பத்து நாளுக்குப் பிறகும் ஒரே ஒரு கோழி மட்டும் தோல் முட்டை இட்டுக்கொண்டிருந்தால் முட்டை உருவாகும் அதன் கருக்குழலில் கோளாறு இருக்கலாம். எந்தக் கோழி என்று காலில் நூல் கட்டிக் கண்டுபிடித்துக்கொண்டு, அதற்காக மற்ற கோழிகளின் தீனியை மாற்றாதீர்கள்.